பழைய கேம்பர் வேன், கையில் ஆயிரம் பவுண்ட்: உள்ளே எதை முதலில் பிரிப்பது?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

"1991 டால்பட் எக்ஸ்பிரஸ் கேம்பர் வேன் (உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. உள்ளேதான் பழுப்புப் பலகையும் பூப்போட்ட குஷனும் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். ஆயிரம் பவுண்ட் போதுமா? மில்டன் கீன்ஸில் இருக்கிறோம்."

2024 பிப்ரவரி 11, இரவு

பிடுங்கினால் போதாது. பிடுங்காவிட்டால் போதும்.

என்னுடையதும் டால்பட்தான், 1992. போன அக்டோபரில் வாங்கி, லெஸ்டரில் வீட்டு வாசலில் நிறுத்தி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றுதான், ஆயிரம் பவுண்ட்.

அந்தப் பழுப்புப் பலகையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். உள்ளே கனமே இருக்காது. எடை குறைக்க வேண்டும் என்பதற்காகவே மெல்லிய பிளைவுட்டில் செய்தது. அலமாரி சுவர்ப் பலகையைப் பிடித்திருக்கிறது, சுவர்ப் பலகை கட்டிலைப் பிடித்திருக்கிறது, கட்டிலுக்கு அடியில் கேஸ் குழாயும் ஒயரும் ஓடுகின்றன. ஒன்றைக் கழற்றினால் ஆறு கழற்ற வேண்டும். வாசலில் வெற்று ஓடாக நிற்கும் வேன்களை நான் வாங்கத் தேடிய காலத்தில் நிறையப் பார்த்தேன். "பாதி முடிந்த பிராஜெக்ட்" என்று விற்பார்கள். எல்லாம் இப்படிப் பிடுங்கியவைதான்.

இன்னொன்று. உதிரிப் பாகம் தேடும்போது டால்பட் என்று மட்டும் தேடாதீர்கள். முதல் ஃபியட் டுகாட்டோ, பெஜோ ஜே5, சித்ரோன் சி25 எல்லாம் இதே வண்டிதான். இத்தாலியில் அடெஸ்ஸா தொழிற்சாலையில் ஒரே உடலுக்கு வேறு வேறு பெயர் ஒட்டி அனுப்பினார்கள். டால்பட் என்ற பெயர் 1994-இல் இந்த வேனோடு போய்விட்டது, டுகாட்டோ என்ற பெயர் இன்னும் இருக்கிறது. கதவுக் கைப்பிடி ஒன்று டால்பட் என்று தேடியபோது கிடைக்கவே இல்லை, டுகாட்டோ என்று தேடியதும் அன்றைக்கே கிடைத்தது.

2024 பிப்ரவரி 13

"அப்படியானால் பெயின்டில் ஆரம்பிக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் 20 பவுண்டுக்கு ஈரமானி வாங்குங்கள். இரண்டு ஊசி இருக்கும், பலகையில் அழுத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 15 வரை இருந்தால் சரி. 15-க்கும் 20-க்கும் நடுவில் இருந்தால் மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருங்கள். 20-க்கு மேல் போனால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் வேறு வேலை தொடக்கூடாது.

நம் ஊரில் சுவர் ஓதம் காத்தால் சுண்ணாம்பு உதிர்ந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். வேனில் அப்படி இல்லை. பலகைக்கு மேலே வினைல் தோல் ஒட்டியிருப்பதால் வெளியே வழவழவென்று அழகாக இருக்கும், பின்னால் மரம் மக்கிக்கொண்டிருக்கும்.

அட்டையில் வேனின் நான்கு பக்கமும் வரைந்து, முப்பது இடத்தில் குத்தி, எண்களை எழுதி வைத்தேன். ஏழு வயது மகள் கூடவே வந்து, "அப்பா வேனுக்குக் காய்ச்சல் பார்க்கிறார்" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள். பின்பக்கம், ஓட்டுநர் பக்கத்து மேல் மூலையில் 28. அதற்குக் கீழே ஜன்னல் ஓரத்தில் 22. ஜன்னல் ரப்பர்தான் காரணம், அதை மாற்றினால் தீர்ந்தது.

2024 பிப்ரவரி 25

மேலே ஜன்னல் ரப்பர் என்று எழுதியது தவறு. புது ரப்பர் போட்டு ஒரு வாரம் மழை பெய்த பிறகும் 28 அப்படியே இருந்தது.

கண்டுபிடித்த விதத்தை எழுதுகிறேன், உங்களுக்கு உதவும். தோட்டத்துக் குழாயை எடுத்துக் கீழிருந்து மேலே தண்ணீர் அடிக்க வேண்டும். முதலில் ஜன்னலின் கீழ் விளிம்பு, பத்து நிமிடம். அப்புறம் மேல் விளிம்பு, பத்து நிமிடம். அப்புறம் கூரை மூட்டு. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. மனைவி வெளியே குழாயோடு, நான் உள்ளே டார்ச்சோடு. ஜன்னலில் ஒரு சொட்டு இல்லை. கூரை ஜன்னலுக்குப் போனதும் நாலே நிமிடம், பின் மூலையில் பளபளவென்று ஒரு கோடு இறங்கியது. கூரை ஜன்னலுக்கும் அந்த மூலைக்கும் ஒன்றேகால் மீட்டர் தூரம். ஓட்டை ஒரு இடத்தில், ஈரம் வேறு இடத்தில்.

கூரை ஜன்னலைக் கழற்றியபோது சுற்றிலும் மூன்று தலைமுறை சிலிக்கோன் பசை இருந்தது. ஒவ்வொருவரும் பழையதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். சிலிக்கோன் மேல் எதுவும் ஒட்டாது, அடுத்துப் பூசும் சிலிக்கோனும் சேர்த்துத்தான். வேன் ஓடும்போது கூரை முறுக்கிக்கொடுக்கும், அந்த அசைவில் விளிம்பு பிரிந்துவிடும். காயாமல் இளகியே இருக்கும் பியூட்டைல் டேப்பை அடியில் வைத்து, வெளி ஓரத்துக்கு சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி நெகிழும் சீலண்ட் போட வேண்டும். பழைய சிலிக்கோனைச் சுரண்டி எடுக்கவே எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. அந்தச் சனிக்கிழமையை மிச்சம் பிடிக்காதீர்கள்.

2024 மார்ச் 9

மூலைப் பலகையைத் திறந்துவிட்டேன். உள்ளே கண்ணாடிப் பஞ்சு. கையில் எடுத்துப் பிழிந்தால் துணி துவைத்த மாதிரி தண்ணீர் வருகிறது. அதற்குப் பின்னால் தகட்டில் உள்ளங்கை அளவு துரு, நல்லவேளையாக ஓட்டை விழவில்லை.

ஓட்டை அடைத்தவுடன் பலகையை மூடிவிடாதீர்கள். கம்பிப் பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கை அடித்து, மூன்று வாரம் திறந்தே போடப்போகிறேன். வாடகைக்கு எடுத்த ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முதல் இரவிலேயே ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடித்தது. அவ்வளவும் அந்த வேனுக்குள் இருந்தது.

பஞ்சுக்குப் பதில் தண்ணீர் குடிக்காத, ரப்பர் மாதிரியான மூடிய கண்ணறை ஃபோம் தாள் வைக்கிறேன். தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். மூச்சுக் காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டைத் தொட்டால்தான் வியர்க்கும், தொட விடாவிட்டால் வியர்க்காது.

அதன்பின் வரும் புதுப் பலகையை ஒட்டப்போவதில்லை. ரீப்பர் கட்டையில் ஸ்குரூ போட்டு மாட்டுவேன். ஸ்குரூ தலை தெரியும், அழகாக இருக்காது என்று வீட்டில் சொன்னார்கள். தெரியட்டும்.

2024 மார்ச் 10

பிளைவுட்டுக்கு பன்னிங்ஸ் கடைக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: பன்னிங்ஸ் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் இருக்கிறது, இங்கே இருந்த கடைகள் 2018-லேயே கைமாறிப் போய்விட்டன. பிளைவுட்டை இங்கே மரக்கடையில் கேளுங்கள், வெட்டியும் தருவார்கள்.

2024 மார்ச் 30

சரி, இப்போது பெயின்ட். பழுப்புப் பலகைமேல் இருப்பது மரம் இல்லை, மரம் மாதிரி அச்சடித்த மெல்லிய காகிதமோ வினைலோதான். அதனால் ஆழமாகத் தேய்க்கக்கூடாது. சுகர் சோப் (பெயின்ட் அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் சோப்பு) போட்டுக் கழுவி, 240 உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் போகும்படி லேசாக இழுத்து, வழவழப்பான பரப்பில் பிடிக்கக்கூடிய பிரைமர் ஒரு கை, அதன்மேல் எண்ணெய் வகை இல்லாமல் தண்ணீர் வகைச் சாட்டின் பெயின்ட் மெல்லிசாக இரண்டு கை. பிரஷ் வேண்டாம், ஃபோம் ரோலர். கதவு, கீல், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடியுங்கள். எந்தக் கீல் எந்தக் கதவுக்கு என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவையுங்கள்.

மோர் நிறத்தில் அடித்தேன். வேன் இரண்டு மடங்கு பெரிதானது போல இருக்கிறது. மொத்தம் 70 பவுண்ட். இதைவிட மலிவாக மனம் நிறையும் வேலை வேறு இல்லை.

2024 ஏப்ரல் 14

குஷன். திருநெல்வேலியிலிருந்து அம்மா மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "துணியை மாத்தி என்ன செய்ய, உள்ள உள்ளது உட்கார்ந்து போச்சே" என்றார். ஃபோமைச் சொன்னார். உண்மைதான். கையால் அழுத்தி விட்டால் திரும்பி எழவில்லை, தூள் உதிர்ந்தது.

ஆனால் எட்டுத் துண்டுகளில் அப்படி ஆனவை நாலுதான். முதுகு சாய்கிற துண்டுகள் முப்பது வருடம் கழித்தும் திடமாக இருந்தன. அதனால் உட்காரும் நாலை மட்டும் வாங்கினேன், 130 பவுண்ட். வாங்கும்போது தீப்பாதுகாப்புச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 1988-இல் வந்த விதிகளின்படி சோபா, மெத்தைக்கான ஃபோம் எளிதில் தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். அடுப்புக்கு இரண்டடி தள்ளிப் படுத்துத் தூங்கப் போகிறோம், பார்சல் கட்டும் ஃபோமை வாங்கி வெட்டி வைக்காதீர்கள்.

துணி வெட்டும் முன்பு அம்மா தன் பழைய நூல் புடவையை வெட்டி ஒரு உறை தைத்து மாட்டிப் பார்த்தார். பின்பக்கத் துண்டு சதுரம் இல்லை, வேன் சுவரின் வளைவுக்கு ஏற்ப ஒரு ஓரம் சரிந்திருக்கிறது. அளவுநாடாவில் எனக்கு அது தெரியவே இல்லை. நல்ல துணியில் நேராக வெட்டியிருந்தால் இரண்டு மீட்டர் போயிருக்கும். திரைத்துணி மிச்சத்தை 60 பவுண்டுக்கு வாங்கி எட்டு உறையும் தைத்தாயிற்று. ஜிப் அடிப்பக்கம் வருகிறது, கழற்றித் துவைக்கலாம். புடவை உறையை எடுத்துவிட மனம் வரவில்லை, நல்ல உறைக்குள் அடி உறையாக அதுவும் இருக்கிறது.

2024 மே 4

தரை: பழைய வினைலின் மேலேயே புது வினைல் விரித்துவிடலாம். கார்பெட் கடையில் வெட்டி மிச்சமான துண்டு 25 பவுண்டுக்குக் கிடைத்தது. காகிதத்தில் அச்சு எடுத்து ஒரே துண்டாக வெட்டினேன். அரை நாள் வேலை.

2024 மே 12

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாராவது தரை போட்டிருந்தால் தயவுசெய்து உடனே இதைப் படியுங்கள்.

கேஸ் சேஃப் பதிவில் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்ய அனுமதி பெற்றவர்களின் பட்டியல்) எல்பிஜி தகுதி உள்ள ஒருவரை வரவழைத்து கேஸ் பார்க்கச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தரையில் இருந்த துவாரம் எங்கே?" அடுப்புக்குக் கீழே, சிலிண்டர் பெட்டிக்குள், தரையில் ஓட்டை இருக்கும். வலை போட்டிருக்கும். எலி வராமல் அடைக்க வேண்டிய ஓட்டை என்று நினைக்கத் தோன்றும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். அது வெளியே வடிவதற்காகவே அந்தத் துவாரம். அடுப்புக்குக் கீழே இருந்ததன்மேல் நான் வினைலை விரித்துவிட்டிருந்தேன். எட்டு நாள் அப்படி இருந்தது. அந்த எட்டு நாளில் மகள் இரண்டு முறை அதற்குள் படுத்து விளையாடியிருக்கிறாள்.

அவர் முன்னாலேயே வெட்டித் திறந்தேன். ரப்பர் ஹோஸில் அச்சடித்திருந்த வருடம் 2009, அதையும் மாற்றினார். கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்கி மாட்டினேன். எல்லாம் சேர்த்து 95 பவுண்ட். இந்தப் பணத்தைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தேன், முதலில் வைத்திருக்க வேண்டும்.

சிலிண்டர் பற்றிக் கேட்டவருக்கு: நீல நிற சிலிண்டர் பியூட்டேன், சிவப்பு புரோப்பேன். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி பக்கம் வந்தாலே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர் காலத்தில் காபி வேண்டுமானால் சிவப்பு. ரெகுலேட்டர் வேறு, மாற்றி மாட்டாதீர்கள்.

2024 மே 26

ஒரு திருத்தம். இங்கே எழுதவில்லை, தனியாகக் கேட்டவர்களிடம் சொல்லியிருந்தேன்: சமையல் மேடைக்கு வீட்டு கிச்சனில் போடும் 38 மி.மீ. பலகை மிச்சத் துண்டு போட்டால் மலிவு என்று. நானும் போட்டேன். நேற்று வேனைக் குடும்பத்தோடும் சாமான்களோடும் எடைமேடையில் ஏற்றினேன். தகட்டில் எழுதியிருக்கும் உச்ச எடைக்கு 90 கிலோதான் மிச்சம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 40 கிலோ போய்விடும்.

அந்த மேடை ஒரு மீட்டர் நீளம்தான், 15 கிலோ. கழற்றிவிட்டேன். 12 மி.மீ. பாப்லர் பிளைவுட்டில் வெட்டி, மேலே லேமினேட் ஒட்டினேன், 5 கிலோகூட வரவில்லை. கடையில் பிளைவுட் எடுக்கும்போது வகையைக் கேளுங்கள். எட்டடிக்கு நாலடித் தாள், 12 மி.மீ., பாப்லர் என்றால் 16 கிலோ பக்கம், பிர்ச் 24, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இன்னும் கனம், ஈரம் பட்டால் ஊதியும் போகும். பழைய அலமாரிகளைப் பிடுங்காதீர்கள் என்று முதல் நாள் சொன்னதற்கு இதுவும் காரணம். அவ்வளவு லேசாக நம்மால் செய்ய முடியாது.

2024 ஜூன் 16

மின்சாரம். வீட்டு ஒயரை உபயோகிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. இங்கே வீட்டு ஒயர் உள்ளே ஒற்றைக் கம்பி, வண்டி அதிர்வில் முறியும். பல இழைக் கம்பி வாங்குங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ். அரை மீட்டர் தள்ளி வைத்தால், அந்த அரை மீட்டர் ஒயருக்குக் காவல் இல்லை.

பெரிய பேட்டரி, சோலார் என்று போகும் முன் பல்பை மாற்றுங்கள். என் வேனில் 10 வாட் ஹாலஜன் நாலு. ராத்திரி நாலு மணி நேரம் எரிந்தால் 160 வாட்-அவர், அதாவது 12 வோல்ட்டில் 13 ஆம்பியர்-அவருக்கு மேல். ஒன்றரை வாட் எல்.இ.டி. போட்டதும் அது 2 ஆகிவிட்டது. 110 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் ஆயுள் கெடாமல் பாதிதான் எடுக்கலாம், 55. பழைய பல்போடு நாலு ராத்திரி. புது பல்போடு வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் கணக்கே பார்க்க வேண்டாம். பேட்டரி, பல்பு, ஃபியூஸ் பெட்டி, ஒயர் எல்லாம் 160 பவுண்ட். சோலார் இந்த வருடம் இல்லை.

லெட்-ஆசிட் பேட்டரியை உள்ளே வைத்தால் அதன் காற்றுக் குழாய் வெளியே போக வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

2024 ஆகஸ்ட் 4

வேல்ஸ் போய் வந்தோம், எரிரி மலைப்பக்கம், ஐந்து ராத்திரி. அம்மா ஜூலையிலேயே ஊருக்குப் போய்விட்டார், நாங்கள் மூன்று பேர்தான். முதல் காலை கண் திறந்தால் ஜன்னல் முழுக்கத் தண்ணீர், பார்த்ததும் வயிறு கலங்கியது. கூரை ஒழுகவில்லை, எங்கள் மூச்சும் முந்தின ராத்திரி வைத்த சாம்பாரும்தான். இரண்டாம் ராத்திரியிலிருந்து கூரை ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தோம், சோறு வடித்தபின் பத்து நிமிடம் கதவைத் திறந்து விட்டோம். நின்றுவிட்டது.

ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். 2003-இன் நிலச் சட்டம் தருகிற அந்த உரிமை நடப்பவர்களுக்கும் கூடாரம் போடுபவர்களுக்கும்தான், மோட்டார் வண்டிக்கு இல்லை.

2024 ஆகஸ்ட் 18

மார்ச் 30 பெயின்ட் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரிக் கதவில் பெயின்ட் தோலாக உரிகிறது. வேறு எங்கும் இல்லை. முப்பது வருட எண்ணெய்ப் புகை அந்தப் பலகையில் ஊறியிருக்கிறது, சுகர் சோப் ஒருமுறை போட்டால் போகவில்லை. அந்த ஒரு கதவை முழுக்க உரித்து, மூன்று முறை கழுவி, மெதைலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்து, வெள்ளைத் துணியில் மஞ்சள் வருவது நிற்கும் வரைக்கும் துடைத்து, அதன்பின் பிரைமர் அடித்தேன். தாளிக்கிற வீட்டார் அடுப்பு மேல் பலகைக்கு முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

2024 அக்டோபர் 6

கணக்கு கேட்டீர்கள். கூரை ஜன்னல், டேப், சீலண்ட் 115. பிளைவுட், ஃபோம் தாள், ரீப்பர், துரு வேலை 140. பெயின்ட் 70. குஷன் ஃபோம் 130, துணி 60. தரை 25. கேஸ் 95. மின்சாரம் 160. குழாயும் பம்பும் 35. ஆக 830. ஈரமானி, வீணான ஜன்னல் ரப்பர், இயந்திர வாடகை, அந்தக் கனமான மேடைத் துண்டு ஆகியவை இதில் இல்லை, அவற்றுக்கு 110 வைத்துக்கொள்ளுங்கள். 60 பவுண்ட் மிச்சம்.

மிச்சத்தை டயருக்குப் போடுகிறேன். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடைய பின் டயரில் 2311. பட்டன் எல்லாம் புதிது மாதிரி, ஆனால் 2011 ஜூன் மாதத்து ரப்பர். கேம்பர் வேன் டயர் ஓடித் தேயாது, நின்று வெடிக்கும்.

2024 நவம்பர் 17

மில்டன் கீன்ஸ் நண்பரிடமிருந்து தகவல். எதையும் பிடுங்கவில்லை. அவருடைய வண்டியில் 31 காட்டிய இடம் படிக்கட்டுக்கு மேலே, காரணம் வெளி விளக்கின் ஸ்குரூ துளை. அடைத்த செலவு 6 பவுண்ட். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நாள் முழுக்க சந்தோஷம்.

உறைபனி வரப்போகிறது, தொட்டியையும் குழாயையும் காலிசெய்து, எல்லாக் குழாயையும் திறந்த நிலையில் விடுங்கள். மூடி வைத்தால் உள்ளே நிற்கும் கொஞ்சம் தண்ணீரே பம்பை உடைத்துவிடும்.

2025 மார்ச் 16

குளிர்காலம் முடிந்து அதே அட்டை, அதே முப்பது இடம். இருபத்தெட்டு இடத்தில் 14-க்குக் கீழ். பழைய மூலை 12. கூரை ஜன்னல் சுற்றிலும் 11.

பயணி பக்கத்து ஜன்னலுக்குக் கீழே இரண்டு இடத்தில் 18, 19. போன வருடம் அங்கே 13 என்று எழுதியிருக்கிறேன். காரணம் அந்த ஜன்னல் என்று இந்த முறை எழுத மாட்டேன். பலகையில் எட்டு ஸ்குரூதான், பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். நாளை மழை இல்லை என்கிறார்கள். மகள் திருப்புளியை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.